நவாபுக்கும் லெந்து

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஜெயசுந்தரி அந்த வேலையைத் தொடங்குவாள். ஒரு முட்டையைப் பத்து நிமிஷம் வேகவைத்து, ஆறவிட்டு, ஓட்டோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் போடுவாள். அதோடு கால் கப் தேன், அரை கப் தண்ணீர், டப்பாவிலேயே கிடக்கும் குட்டிக் கரண்டியால் தலைதட்டி அளந்த கால்சியம் பவுடர். விரலில் தொட்டுத் தேய்த்தால் ஓடு நெருடக் கூடாது. அதுவரைக்கும் அரைக்க வேண்டும். அரைத்ததை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஒரு வாரத்துக்கு வரும். சாயங்காலத்துக்கு ஒரு கட்டி. அந்த ஜாரில் வேறு எதையும் அரைக்க மாட்டாள். மூடியில் மார்க்கரால் ‘நவாப்’ என்று எழுதி வைத்திருந்தாள்.

நவாப் ஒரு சுகர் கிளைடர். அணில் அளவுதான். சாம்பல் நிறம், நெற்றியிலிருந்து வால்வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் தோல் மடிந்து தொங்கும். அலமாரி உச்சியிலிருந்து கைகால்களை விரித்துக் குதித்தால் அந்தத் தோல் பட்டம் போல விரியும். அறையைத் தாண்டி மகன் ஷெர்வினின் தோளில் வந்து ஒட்டிக்கொள்ளும். பகல் முழுக்கத் துணிப்பைக்குள் சுருண்டு தூங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து, தேனும் பழமும் நக்கித் தின்றுவிட்டு, விடியும்வரை ஆட்டம் போடும். ஷெர்வின் வைத்த பேர் பிஸ்கட். அவன் அப்பா ஸ்டான்லிதான் நாலே நாளில் அதை நவாப் ஆக்கினார்.

“இந்த வீட்டுல ரெண்டு நவாப் இருக்கு” என்பார். “ஒண்ணு நூத்திப்பத்து கிராம். இன்னொண்ணு எழுவத்தெட்டு கிலோ. ரெண்டும் பகல்ல எந்திரிக்காது.”

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஷெர்வினும் சிரித்தான். அப்போது அவனுக்கு ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் வேலை இருந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங். கூட வேலை பார்த்த பெண் கனடாவுக்குப் போகும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போன பிராணி அது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவனையும் இன்னும் இருநூறு பேரையும் ஒரே வீடியோ காலில் நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு மணிக்கு லாப்டாப் தானாக அணைந்துபோனது. ஆறு மாசம் இன்டர்வியூவுக்கு அலைந்தான். ஏழாவது மாசம் அலைவதை நிறுத்தினான். அதற்கப்புறம் குஷாய்குடா ஃப்ளாட்டின் அந்த இரண்டாவது படுக்கையறையை விட்டு, குளியலறைக்குத் தவிர, வெளியே வருவதையும் நிறுத்தினான். இருபத்தேழு வயது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். ஏன் என்று கேட்டால், “நவாப் வெளிய ஓடிடும்.” அது உண்மையும்கூட. கதவில் ரெண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும் அதற்கு.

“அதுக்குத் துணை வேணும்ப்பா” என்றான் ஒருமுறை, ஸ்டான்லி வெளியே வரச்சொல்லிக் கத்தியபோது. “தனியா வச்சா அது செத்துடும். ஜோடியா இருக்கிற அனிமல்.”

“அப்ப இன்னொண்ணு வாங்குவோம்.”

“நக்கோ, வேணாம். நான் இருக்கேன்ல.”

ஸ்டான்லி கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு ஹாலுக்குத் திரும்பினார். அவர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வுபெற இன்னும் எட்டு மாசம். கெட்டுப்போன எதையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று நம்புகிறவர். கழற்ற முடியாத ஒன்று வீட்டுக்குள் வந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்ளப் பழகினார்.

ஆக, ஜெயசுந்தரிக்கு மகனைப் பார்க்கக் கிடைத்த நேரம் சாயங்காலம் ஏழரை மணி மட்டும்தான். உருகின கட்டியை ஒரு சின்னக் கிண்ணத்திலும், பொடியாக நறுக்கிய பழத்தையும் காய்ந்த புழு இரண்டையும் ஒரு தட்டிலும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவாள். தாழ்ப்பாள் விலகும். அவன் முகம் தெரியும்.

“கொண்டாந்துட்டேன் தம்பி.”

“ம்.”

“நேத்து பப்பாளி வச்சேனே, தின்னானா?”

“ஹாஃப். சீட்ஸ் சுத்தமா எடுத்துட்டு வை மம்மி.”

“நீ தின்னியா?”

“அப்புறம்.”

நேற்றைய காலித் தட்டை அவன் நீட்டுவான். கதவு மூடும். அன்றைக்கு அந்த வீட்டில் அவன் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். அவனுக்கென்று தனியாகச் சாப்பாடு கொண்டுபோய்த் தட்டினால், “வெளிய வை” என்று குரல் மட்டும் வரும். நவாபின் சாப்பாட்டுக்குத்தான் தாழ்ப்பாள் திறக்கும். அதனால் ஜெயசுந்தரி அந்தச் சாப்பாட்டை ஒரு நாளும் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. காய்ச்சல் வந்த அன்றைக்குக்கூட எழுந்து பப்பாளி நறுக்கினாள்.

முதலில் புழுவைக் கையால் தொட மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாடிக்குள் இடுக்கியை விடுவாள். மூன்று மாசத்தில் விரலாலேயே எடுத்தாள். ஒருநாள் ஷெர்வின் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்திருந்தபோது நவாப் அவன் தோளிலிருந்து இறங்கி, அவள் கட்டைவிரலில் ஒட்டியிருந்த தேனை நக்கியது. நாக்கு நூல் மாதிரி இருந்தது.

“இட் லைக்ஸ் யூ” என்றான் ஷெர்வின்.

அதை அவள் பஸ்ஸில் உட்கார்ந்து பலமுறை நினைத்துக்கொண்டாள். அவள் வேலை ஜீடிமெட்லாவில், ஒரு மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை: ஒரு மருந்து பேக் செய்து முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், பழைய மருந்தின் ஒரு மாத்திரையோ, ஒரு லேபிள் துண்டோ மெஷினில் எங்கும் மிச்சமில்லை என்று தேடிப்பார்த்துக் கையெழுத்துப் போடுவது. பெல்ட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். மற்றவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போகும் இடத்தில் அவள் கைவிட்டுத் துழாவுவாள். செய்யாததற்குக் கையெழுத்துப் போடக் கூடாது. காலிக் கட்டம் எதையும் அப்படியே விடவும் கூடாது. அது தேவைப்படாத கட்டம் என்றால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘என்.ஏ.’ என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அங்கே பேரே ‘என்.ஏ. அக்கா’.

நவாபின் சாப்பாட்டுக்கு ஷெர்வின் அடித்துக் கொடுத்த அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. முட்டைக் கலவை, கால்சியம், புழு, பழம், தண்ணீர் மாற்றியது என்று ஐந்து கட்டம். அவன் வேலையில் இருந்த காலத்தில் அவனே டிக் அடித்தான். பிறகு இவள். மாசம் முடிந்ததும் புதுத் தாளை இவளே கம்பெனி பிரிண்டரில் எடுத்துவந்து, பழையதன் மேலேயே ஒட்டுவாள்.

அந்த வருஷம் லெந்து பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. கறி, மீன், முட்டை எதுவும் சமையலறைக்குள் வராது. ஸ்டான்லி மட்டும் ஃபாக்டரி கேன்டீனில் ஆம்லெட் தின்றுவிட்டு ஏலக்காய் மென்றுகொண்டு வருவார். அவளுக்குத் தெரியும், கேட்பதில்லை. ஆனால் இந்த முறை அவள் ஷெர்வினுக்காக என்று நேர்ந்துகொண்டிருந்தாள். காலைச் சாப்பாடும் இல்லை. நாற்பது நாள் முடிவதற்குள் அவன் அந்த அறையைவிட்டு வெளியே வர வேண்டும். கேட்டது அவ்வளவுதான். வேலையைக்கூடக் கேட்கவில்லை.

சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கூட்டம் நடத்துகிற ஆக்னஸ் அக்காவிடம் இதைச் சொன்னாள். ஆக்னஸ் ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற மாதிரிதான் பேசுவார்.

“நீ மட்டும் வாயக் கட்டிக்கிட்டா ஆச்சா சுந்தரி? வீடு முழுக்க இருக்கணும். பைபிள்ல நினிவே பட்டணம் பூரா, ஆடு மாடுகூட உபவாசம் இருந்துச்சுல்லா. உங்க வீட்டுக்காரரையும் சேத்துத்தான் சொல்லுதேன், கேன்டீன் ஆம்லெட் எல்லாம் எங்களுக்குத் தெரியும்.”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜெயசுந்தரியும் சிரித்தாள். வீட்டில் வந்து சொன்னபோது ஸ்டான்லி, “ஆடு மாடு கணக்குல என்னையும் சேத்துட்டாளா அந்த ஆக்னஸ்” என்றார். மறுநாளிலிருந்து ஆம்லெட்டை நிஜமாகவே நிறுத்தினார்.

ஜெயசுந்தரி நினைத்துக்கொண்டது வேறு. லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்து, மிச்சமிருந்த முட்டைக் கட்டிகளை எடுத்து ஸிங்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். புழு ஜாடியைப் பழைய துணிப்பையில் கட்டி லாஃப்டில் வைத்தாள். ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதனால் கால்சியம் டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். சிப்பி ஓட்டிலிருந்து எடுத்தது என்று போட்டிருந்தது. சிப்பியும் கடலில் கிடக்கிற உயிர்தானே. அதையும் லாஃப்டில் வைத்தாள்.

ஷெர்வினிடம் சொல்லவில்லை. சொன்னால் நக்கோ என்பான். பட்டினி போடுகிறோம் என்ற எண்ணமும் அவளுக்கு இல்லை. பழத்தை இரண்டு பங்காக்கினாள். சத்து குறையக் கூடாது என்று ஸ்வீட் கார்ன் வேகவைத்தாள், பாதாம் ஊறவைத்துத் தோலுரித்தாள், தேனைக் கூட்டிக் கரைத்து அதே கிண்ணத்தில் ஊற்றினாள். இருட்டு அறைக்குள் தட்டை வாங்கிக்கொள்கிற ஷெர்வின், கார்னுக்கு அடியில் புழு இருக்கிறதா என்று கிளறிப் பார்க்கவில்லை. நாற்பது நாள்தானே. அட்டவணையில் முட்டை, கால்சியம், புழு மூன்று கட்டத்திலும் தினமும் குறுக்கே கோடு போட்டு, ‘என்.ஏ.’ எழுதி, ஜே.எஸ். என்று ஒப்பமும் தேதியும் போட்டாள். யாரிடமிருந்தும் மறைக்கவில்லை. பார்க்கத்தான் யாரும் சமையலறைக்கு வரவில்லை.

நவாப் கார்னை வெறியாகத் தின்றது. தட்டு துடைத்துவைத்த மாதிரி திரும்பி வந்தது.

“என்ன மம்மி, நியூ மெனுவா? ஹீ லவ்ஸ் இட்.”

“பிடிச்சிருக்கா அதுக்கு?”

“பாகல் மாதிரி சாப்பிடுறான். கார்ன் மட்டும் எடுத்து எடுத்துத் திங்கிறான். நேத்து என் கையில இருந்து புடுங்கினான்.”

மூன்று வாக்கியம். எண்ணினாள். அடுத்த வாரம் அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்பாவுக்கு ஓய்வுக்கு முன்னால் ஃபேர்வெல் எல்லாம் உண்டா என்று கேட்டான். அதற்கடுத்த வாரம் முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றான். வெட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் சொன்னான். ஜெயசுந்தரிக்கு வெறும் வயிற்றில் பஸ் ஏறுவது லேசாக இருந்தது. கேட்கப்படுகிறது என்று நம்பினாள். நவாப் குதிக்கிற சத்தம் ராத்திரிகளில் குறைந்துகொண்டே வந்ததைக் கவனிக்கவும் செய்தாள். பழகிவிட்டது போல என்று நினைத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் தட்டாமலே கேட்டது.

“மம்மி.”

ஹாலில் நின்றான். பழைய டீ ஷர்ட், தோள்வரை முடி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. டிவி பார்த்துக்கொண்டிருந்த ஸ்டான்லி ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ஷெர்வின் உள்ளங்கையை நீட்டினான். நவாப் முன்காலிரண்டையும் ஊன்றி அவன் மணிக்கட்டில் ஏறப் பார்த்தது. பின்காலிரண்டும் ஈரத்துணி மாதிரி இழுபட்டுக்கொண்டு வந்தன.

“கர்ட்டன்ல இருந்து விழுந்துட்டான். லெக்ஸ் மூவ் ஆகல மம்மி.”

மறுநாள் திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் கச்சிபௌலிப் பக்கம்தான் இருந்தார். கேப்பில் ஒன்றரை மணி நேரம். ஷெர்வின் துணிப்பையைச் சட்டைக்குள் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பழைய ஆபீஸ் கட்டடம் வந்தது, போனது. அவன் அதைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே வந்தான்: ராத்திரி எத்தனை தரம் தண்ணீர் குடித்தது, எந்தக் கால் முதலில் பலவீனமானது, தான் இதை ஒரு வாரம் முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும். பதினான்கு மாசத்தில் அவன் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினான். மகன் வெயிலில், தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஜெயசுந்தரிக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் சட்டைக்குள் இருப்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் பேர் பத்மஜா. சின்ன வயசு. தெலுங்கில் ஆரம்பித்தவர், இவர்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எக்ஸ்ரே எடுத்து விளக்குப் பலகையில் மாட்டினார். உள்ளங்கை அளவு எலும்புக்கூடு.

“எலும்பு எப்படி மங்கிப்போய்த் தெரியுது பாருங்க. கால்சியமே இல்லை. என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?”

ஜெயசுந்தரி வாயைத் திறப்பதற்குள் ஷெர்வின் சொன்னான்.

“டயட் பர்ஃபெக்ட் டாக்டர். எக் வித் ஷெல், கால்சியம், வர்ம்ஸ், எல்லாம் டெய்லி. சார்ட் இருக்கு. இப்ப கொஞ்ச நாளா ட்ரீட்டா கார்ன், அவ்வளவுதான். மம்மிதான் பண்றாங்க. ஃபார்மால இருக்காங்க, ஒரு நாள்கூட மிஸ் பண்ண மாட்டாங்க. ஷீ இஸ் லைக் தட்.”

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “தினமும் போகுதாம்மா?”

இங்கே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஜெயசுந்தரி தலையை ஆட்டினாள்.

“அப்ப உள்ள போறது உடம்புல சேரலை” என்றார் டாக்டர். “கிட்னி கோளாறா இருக்கலாம். அப்படி இருந்தா நான் இப்ப கால்சியம் ஊசி போடறது ஆபத்து. இத்தனூண்டு உடம்புல ரத்தம் எடுக்கறதும் கஷ்டம். கொஞ்சம் தேறட்டும், புதன்கிழமை கொண்டாங்க, எடுத்துப் பார்த்துடலாம். அதுவரைக்கும் வலிக்கு மட்டும் சொட்டு மருந்து. டயட்டை மாத்தாதீங்க, கார்னை மட்டும் நிறுத்திடுங்க. கார்ன் இருக்கற கால்சியத்தையும் இழுத்துடும்.”

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, லாஃப்டிலிருந்து டப்பாவையும் ஜாடியையும் இறக்கினாள். கீழே கடையில் முட்டை வாங்கினாள். ஓடு நெருடாமல் அரைத்து, பவுடரை ஒரு கரண்டிக்கு இரண்டாகப் போட்டாள். நவாப் முகர்ந்துபார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தாடை அசையவில்லை. ஷெர்வின் சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டான், பாதி வழிந்தது.

அவன் கூண்டை ஹாலில், தரையில் வைத்திருந்தான். ஏறி விழக் கூடாது என்று. தானும் அங்கேயே உட்கார்ந்தான். ராத்திரி எட்டரைக்கு மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ரசம், உருளைக்கிழங்கு.

“எழுவத்தெட்டு கிலோ இப்ப எழுவது இருக்கும்போலயே” என்றார் ஸ்டான்லி.

“உங்களுக்குத் தொப்பை குறைஞ்சிருக்குப்பா.”

“உங்கம்மா புண்ணியத்துல. ஆம்லெட்டும் போச்சு எனக்கு.”

ஷெர்வின் லேசாகச் சிரித்தான். ஜெயசுந்தரி இன்னொரு கரண்டி ரசத்தை அவன் தட்டில் ஊற்றினாள். இப்போது சொன்னால் இந்த மேஜை இல்லை. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு டாக்டருக்குத் தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டால் அவர்களே ஊசி போட வரச்சொல்வார்கள். இவனுக்குத் தெரியவே வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேன்டீன் வராந்தாவில் நின்று போன் செய்தாள். டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்றது ஒரு பெண் குரல். விஷயத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண். “வேண்டாம், நானே பேசுதேன்” என்று வைத்துவிட்டாள். நாலு மணிக்குப் புது பேட்ச் தொடங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பெல்ட்டுக்கு அடியில் குனிந்தாள். போன் லாக்கரில் இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. சமையலறை விளக்கு எரிந்தது. ஷெர்வின் வெந்நீர்ப் பையை நிரப்ப வந்திருக்கிறான். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தான். மேல் தாளைத் தூக்கி, அடியில் இருந்த போன மாசத் தாளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த என்.ஏ. என்ன மம்மி?”

கைப்பையைக் கழற்றாமலே நின்றாள்.

“எக் என்.ஏ. கால்சியம் என்.ஏ. வர்ம்ஸ் என்.ஏ. எத்தனை நாள் இது?”

“நாப்பது.”

“நேத்து டாக்டர் கேட்டாங்கள்ல. நீ தலையாட்டினே.”

“ஆமா.”

“கைக்கு?” ஏன் என்று கேட்க அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வார்த்தைதான் வரும்.

“லெந்து தம்பி.”

“நவாபுக்கா?”

“வீட்டுக்கு. உனக்காக. நீ வெளிய வரணும்னு.”

அவன் திரும்பித் தன் அறைக் கதவைப் பார்த்தான். அது அகலமாகத் திறந்து கிடந்தது. பிறகு அவளைப் பார்த்தான்.

“வந்துட்டேன்ல” என்றான்.

அடுப்பை அணைத்தான். போனை எடுத்து டாக்டரிடம் தானே பேசினான். ஆங்கிலத்தில், மெதுவாக, தேதிகளோடு. உடனே கொண்டுவரச் சொன்னார்கள். அவளும் செருப்பை மாட்டப் போனாள்.

“நீ வேணாம் மம்மி. அப்பா வரட்டும்.”

அந்த நேரத்து நெரிசலில் அவர்கள் போய்ச் சேர எட்டேகால் ஆகிவிட்டதாம். திரும்பிவந்த ஸ்டான்லி சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஊசி போட்டாங்க. நாளைக்கும் போடணும்.” கொஞ்சம் கழித்து, “நேத்தே போட்டிருந்தா பாத்திருக்கலாம்னு சொன்னாங்க” என்றார். அவளைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஃபாக்டரியில் எந்தப் பார்ட் போனது என்று சொல்லும் குரல்.

புதன்கிழமை இரண்டாவது ஊசி. வியாழக்கிழமை காலையில் அவள் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது ஷெர்வின் ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பை அவன் சட்டைக்குள் இருந்தது. பதினொன்றரைக்கு, லீவு போட்டு வீட்டிலிருந்த ஸ்டான்லி அவள் கம்பெனி நம்பருக்குப் போன் செய்தார். “நவாப் போயிட்டு” என்றார். அவள் பேக்கிங் ஹாலுக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து சரிபார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வருவதற்குள் அப்பாவும் மகனுமாக அடுக்ககத்தின் பின்சுவர் ஓரமாய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டிருந்தார்கள். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் காட்டவில்லை.

பெரிய வெள்ளி ஆராதனைக்கு அவள் போகவில்லை. கல்யாணமாகி வந்த முப்பது வருஷத்தில் முதல் தடவை. சாயங்காலம் ஆக்னஸ் அக்கா போன் செய்தார்.

“ஏன் வரல? மேலுக்குச் சொகமில்லையா?”

“ஆமாக்கா.”

“உன் மகன் கேப்ல ஏறுனத எங்க பையன் வெஸ்லி பாத்தானாம். திங்கக்கிழமை. நீயும் கூட இருந்தியாம். நெசமா?”

“நெசந்தான்.”

“பாத்தியா. ஜெபம் கேட்டுட்டுல்லா. ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கிழமை கூட்டத்துல, கர்த்தர் உனக்குச் செஞ்சத நீதான் சாட்சி சொல்லணும். பத்து நிமிஷம். எழுதிவச்சுக்கிட்டு வா, அழுதுறாத.”

“பாப்போம்க்கா” என்றாள். ஆக்னஸ் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை.

ஷெர்வின் அறைக்குள் போய்விட்டிருந்தான். இப்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. தப்பியோட எதுவும் இல்லாததால் போடத் தோன்றவில்லை போலிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் உள்ளே போகலாம். ஸ்டான்லி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, “தூங்குதான்” என்றார். அவன் தூங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஈஸ்டர் அன்றைக்கு மத்தியானம் ஜெயசுந்தரி சோறும் கோழிக் குழம்பும் தட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்த அறைக்குள் அவள் முழுசாக வந்து நின்று ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். கூண்டு மூலையில் இருந்தது, கழுவித் துடைத்து. ஜன்னல் திரைகளில் நகம் பிடித்த ஓட்டைகள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தட்டை மேஜைமேல் வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்காரலாமா என்று பார்த்து, உட்காராமல் நின்றாள்.

“தம்பி. கோழி வச்சிருக்கேன்.”

அவன் முதுகு அசையவில்லை. ஆனால் மூச்சு ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடர்ந்தது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

“கட்டத்துல நான் பொய் எழுதல” என்றாள். “டாக்டரம்மாகிட்டதான் பொய் சொன்னேன். நீ என்னப் பத்தி அப்படிச் சொன்ன உடனே எனக்கு வாய் வரல. அன்னைக்கே சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. அது எனக்குத் தெரியும்.”

மேலே ஃபேன் சுற்றியது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள்.

“ஏதாவது சொல்லு. திட்டு வேணும்னா.”

குழம்பில் ஏடு படிந்தது. ஒரு கையால் தட்டை அவனுக்கு எட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள். நிலைப்படிவரைக்கும் வந்து திரும்பினாள்.

“கதவைச் சாத்தட்டுமா, திறந்தே கெடக்கட்டுமா?”

அவன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடியே விட்டாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.